பீமுனிப்பட்டினச் சாலையில் கடற்காட்சி

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்குக் கடல் என்றவுடன் மனக்கண்ணில் எழுவது, பெரும்பாலும், மணலில் நின்று பார்த்த கடலே. சென்னையார்க்கு மெரினா, நாகையார்க்கும் தூத்துக்குடியார்க்கும் அவரவர் ஊர்க்கரை. காலடியில் மணல், எதிரே அலை, அதற்கப்பால் ஒரு கோடு. இந்தக் காட்சியிலேயே பழகிய கண்ணுக்கு, சற்று உயரத்தில் ஓடும் சாலை ஒன்றிலிருந்து அதே கடலைக் காண நேரும்போது பெரிய வியப்பு உண்டாகிறது. அத்தகைய சாலை ஒன்று ஆந்திரப் பிரதேசத்தில் விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினம் வரையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, வங்கக் கடலை ஒட்டிச் செல்கிறது. துறைமுகத்திலும், கப்பல் கட்டும் தளத்திலும், எஃகு ஆலையிலும், இரயில்வேயிலும் பணிபுரிய வந்து விசாகப்பட்டினத்தையே தம் ஊராக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைச் சாலை. கல்கத்தா செல்லும் வழியில் இவ்வூரை இரயில் சன்னலின் வழியே மட்டும் பார்த்துச் செல்வோர், ஒரு நாள் இறங்கித் தங்கிப் பார்க்கத் தக்கதும் இதுவே.

விடியற்காலையில் புறப்படுதல் நலம். பம்பாயில் வாழும் நம்மவர் கடலில் கதிரவன் மறைவதைக் காண்கின்றனர். இங்கே அவன் கடலிலிருந்து எழுவதைக் காண்கிறோம். நாட்டு நேரம் எங்கும் ஒன்றே ஆயினும், கிழக்கே செல்லச் செல்லக் கதிரவன் முந்துகிறான். பகலும் இரவும் ஒத்த நாள்களில், சென்னையைவிட விசாகையில் சுமார் 12 நிமிடம் முன்னதாகவும், பம்பாயைவிட 40 நிமிடத்திற்கு மேல் முன்னதாகவும் பொழுது புலர்கிறது. சென்னையிலிருந்து வந்த விருந்தினர், ஊரில் எழும் நேரத்திற்கு எழுந்து கடற்கரைக்கு வந்து, கதிரவன் ஒரு பனைமர உயரம் ஏறியிருக்கக் கண்டு ஏமாறுவது இங்கே அடிக்கடி நிகழ்வதுதான்.

இந்தக் கரை ஏன் தமிழ்நாட்டுக் கரையைப் போல இல்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் கடலைவிட்டு உள்நாட்டில் ஒதுங்கி நிற்கின்றன. இடையே ஆறுகள் கொணர்ந்து பரப்பிய சமவெளி. விசாகப்பட்டினத்தருகே அம்மலைகளின் கிளைகள் கடலின் விளிம்புவரையே வந்துவிடுகின்றன. கோண்டு மக்களின் பெயரால் கோண்டலைட்டு என வழங்கும் பழம்பாறைகள் அலைகளுக்குள் இறங்கி நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். நகரின் தெற்கே துறைமுக வாயிலைக் காத்து நிற்கும் டால்பின்ஸ் நோஸ் என்னும் குன்றும் இவ்வாறு கடலுக்குள் நீட்டிய மூக்குத்தான். மலைக்கும் நீருக்கும் இடையே கிடைத்த இடத்தில் சாலை செல்லவேண்டியிருப்பதால், அது ஏறுகிறது, வளைகிறது, மறுபடி இறங்குகிறது. ஒவ்வோர் ஏற்றத்திலும் கடல் வேறு முகம் காட்டுகிறது.

பயணம் இராமகிருஷ்ணா கடற்கரையில் தொடங்குகிறது. 1971-ஆம் ஆண்டுப் போரின் நினைவுச் சின்னமும், 2001-இல் பணி ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு காட்சியகமாகக் கரையேறிய குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பலும் இங்கே உள்ளன. குழந்தைகள் இருப்பின் கப்பலுக்குள் ஒரு மணி நேரம் சென்றுவிடும். நாம் காட்ட விரும்புவது கப்பலை அன்று. அது நிற்கும் மணலை.

வங்கக் கடலின் இக்கரையில், ஆண்டின் பெரும்பகுதியில், அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மோதுகின்றன. சாய்ந்து ஏறும் அலை மணலைச் சற்றே வடக்காக உந்தி ஏற்றுகிறது. திரும்பும் நீர் நேரே இறங்குகிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் ஒரு சாண், இரு சாண் என்று மணல் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் அது திரும்பித் தெற்கே சிறிது நடக்கும். ஆயினும் ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதுதான் மிகுதி. இந்த நடையைக் குறுக்கே ஒரு கற்சுவர் கட்டித் தடுத்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், கரை தேயும். சென்னையார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலைகளின் பின்னரே, அதற்குத் தெற்கிலுள்ள மெரினா அகன்று விரிந்தது. வடக்கிலுள்ள இராயபுரம் கரை அரிக்கப்பட்டுக் கற்களால் அணைகட்டிக் காக்கவேண்டிய நிலைக்கு வந்தது. ஒரே துறைமுகம் ஓர் ஊருக்கு மணல் கொடுத்தது. அடுத்த ஊரினிடமிருந்து எடுத்தது.

விசாகப்பட்டினத் துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. அதன் வாயிலில் அலையைத் தடுக்க இரண்டு பழங் கப்பல்களையே மூழ்கடித்து வைத்தனர். பின்னர் 1970-களில் வெளித் துறைமுகமும் எழுந்தது. நகரின் கடற்கரையோ துறைமுகத்திற்கு வடக்கே இருப்பது. ஆகவே, துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பல்களைக்கொண்டு எடுத்து, குழாய்களின் வழியே நீரோடு சேர்த்து, நகரக் கரையில் கொட்டுகின்றனர். நாம் காலைவேளையில் உலவும் மணலில் ஒரு பகுதி இவ்வாறு இயந்திரத்தால் கடத்தி வைக்கப்பட்ட மணல். இதனை அறிந்தவர், சாலையின் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் சரிந்து கிடப்பதைக் கண்டால் புயலை மட்டும் குறை கூறமாட்டார். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஹுட்ஹுட் புயல் இந்நகரின்மீதே கரையேறி, சவுக்கு மரங்களை வேரோடு சாய்த்து, இச்சாலையைப் பல இடங்களில் பெயர்த்தது உண்மை. ஆனால் அகன்ற மணற்பரப்பு எங்கே உண்டோ, அங்கே அலையின் வலிமை மணலிலேயே செலவாகிவிடும். மணல் குறைந்த இடத்தில்தான் அது சாலையின் அடித்தளத்தைத் தேடி வரும்.

நகரைக் கடந்ததும் கைலாசகிரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 110 மீட்டர் உயரமுள்ள இக்குன்றின்மேல் சிவபார்வதியரின் வெண்ணிறச் சிலைகள் உள்ளன, கயிற்றுவண்டியிலும் ஏறலாம். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கண், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். மணலில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பின், அவர் காணும் கடல் 4.5 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. முடிவற்றது என்று நாம் வியக்கும் கடல் ஒரு மணி நேர நடைத் தொலைவுதான்! சாலை 25 மீட்டர் உயர்ந்த இடத்தில் அது 18 கிலோமீட்டர். கைலாசகிரியின் உச்சியில் 37 கிலோமீட்டர். காற்று ஒளியைச் சிறிது வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து, கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்பதை எப்போதும் காணலாம். 15 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் கப்பலை மணலிலிருந்து பார்ப்பவருக்கு அதன் அடிப்பகுதியில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் உலகின் வளைவில் மறைந்திருக்கும். மேற்கட்டும் புகைப்போக்கியும் நீரிலிருந்து முளைத்தாற்போலத் தோன்றும். அதே கப்பலைக் குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் நீர்க்கோடு வரையில் முழுமையாகத் தெரிகிறது. பூமி உருண்டை என்று பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு உயரங்களிலிருந்து ஒரே கப்பலைக் காட்டுவதைப் போன்ற பாடம் வேறில்லை. தொலைநோக்கி ஒன்று கையில் இருப்பது நல்லது.

ஏறும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். நாம் உயர உயரக் கடலும் நம்மோடு உயர்வது போலத் தோன்றும், கீழே போய்விடுவதில்லை. மரங்களின் தலைக்குமேல் கடல் ஒரு நீலச் சுவராக நிமிர்ந்து நிற்கும். முதன்முறை காணும் குழந்தைகள் சிலர் அஞ்சுவதும் உண்டு. காரணம் எளியது. தொடுவானம் ஏறக்குறைய நம் கண்மட்டத்திலேயே நிற்கிறது. 110 மீட்டர் உயரத்திலும் அது முழுமதியின் விட்டத்தைவிடக் குறைந்த அளவே கீழே தாழ்கிறது. அலைவிளிம்போ காலுக்குக் கீழே வெகுதொலைவு இறங்கிவிடுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பு முழுவதும் விரிந்து கண்முன் நிற்பதால், படுத்துக்கிடந்த கடல் எழுந்து நிற்பதாக மனம் எண்ணுகிறது.

இனி, நிறம். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. அதில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் புலப்பெயர்ச்சியும் கலந்திருக்கிறது. 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், தந்தையார் இவ்வூரின் ஏ.வி.என். கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்று வந்தமையால், 4 வயதுச் சிறுவனாக விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். பள்ளிப்படிப்பையும் கல்லூரியின் தொடக்கப் படிப்பையும் இங்கேயே முடித்து, பின்னரே சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். பிழைப்பிற்காக வேற்று மொழி வழங்கும் ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. கடற்கரை ஊரில் பத்தாண்டு வளர்ந்த பிள்ளை.

கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதேயன்றி வேறில்லை என்பது அக்காலத்து மாபெரும் அறிஞர் ராலே பிரபுவின் கருத்து. 1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பிய இராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு இக்கருத்தை ஐயுற்றார். அவரிடம் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி ஒன்று இருந்தது. நீரின் மேற்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது மறைத்துவிடக் கூடியது. அதன் வழியே பார்த்து, வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பின்னும் கடல் நீலமாகவே, முன்னிலும் ஆழ்ந்த நீலமாக, இருக்கக் கண்டார். ஆகவே நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் எழுதிய குறிப்பு அவ்வாண்டே நேச்சர் இதழில் வெளிவந்தது. ஒளி சிதறுவதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாக 1928-இல் அவர் பெயரால் வழங்கும் விளைவும், 1930-இல் நோபல் பரிசும் வந்தன. சிதறலோடு மற்றொன்றும் சேர்கிறது என்பதை இன்று தெளிவாக அறிவோம்: நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சிக் கொள்கிறது, சில மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி மறைய, எஞ்சி நின்று நம் கண்ணுக்குத் திரும்புவது நீலம்.

இச்சோதனையை நாமும் செய்யலாம். கண் கூசாதிருக்க அணியும் போலராய்டு கண்ணாடி நிக்கல் பட்டகத்தின் வேலையைச் செய்யும். கைலாசகிரியின் அடியிலுள்ள தென்னேட்டி பூங்காவின் ஓரத்தில் நின்று, கீழே அருகிலுள்ள நீரைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லச் சுழற்றுக. ஒரு நிலையில் நீரின்மேலுள்ள பளபளப்பு மறைந்து, பாறைகளும் பாசியும் நீருக்கடியில் தெளியும். அப்பாலுள்ள நீலம் அடர்ந்து தோன்றும். மணலில் நின்றால் இது இவ்வளவு நன்றாக வராது, கோணம் போதாது.

ஆயினும் எல்லா நாளும் எல்லா நீரும் நீலமாக இராது. உயரத்திலிருந்து பார்க்கும்போது கரையோரம் பழுப்பு, அடுத்து இளம்பச்சை, அதற்கப்பால் நீலம் என்று கடல் பட்டைகளாகத் தெரிகிறது. பழுப்பு, அலை கலக்கிய மணலும் மழைநீர் கொணர்ந்த மண்ணும். பச்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்களின் செயல். கோடை தொடங்கும் மாதங்களில் காற்று இக்கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, உரமிக்க நீர் மேலே எழுகிறது. அதனை உண்டு நுண்தாவரங்கள் பெருகும். அவற்றைத் தேடி மீனும் வரும். 1950-களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பணியாற்றிய லா ஃபாண்ட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் உழைத்த நம் நாட்டு இளைஞரும் இதனை ஆராய்ந்தனர். நம் நாட்டில் கடலியல் ஒரு கல்லூரிப் பாடமாக வளர்ந்ததில் இக்கரைக்குப் பங்கு உண்டு.

அடுத்து வருவது ருஷிகொண்டா. குன்றின் அடியில் வளைந்து கிடக்கும் மணற்கரை. விடுமுறை நாள்களில் பெருங்கூட்டம். இங்கே நாம் சற்று நின்று, மகிழ்ச்சியற்ற ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். விசாகப்பட்டினக் கரைகளில் நீராட இறங்கியவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், மூழ்கி இறக்கும் துயரம் ஆண்டுதோறும் நிகழ்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்களே இதில் மிகுதியும் சிக்குகின்றனர். கடலின் சீற்றத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்தால் இவர்களிற் பலர் பிழைத்திருப்பர். இவர்களை அழைத்தது சீற்றமன்று, அமைதியாகத் தோன்றிய நீர்.

அலைகள் கரைமேல் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பவேண்டும். அது பரவலாகத் திரும்பாமல், மணலடியில் பள்ளம் கண்ட ஓரிடத்தில் ஒன்றுகூடி, குறுகிய ஆறு போலக் கடல் நோக்கி ஓடுவது உண்டு. வேகம் கூடும்போது விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் செல்லும்; தேர்ந்த நீச்சல்காரரும் அதனை எதிர்த்து நீந்த இயலாது. பள்ளம் ஆழமாகையால் அவ்விடத்தில் அலை உடைவதில்லை. இரு புறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் கருமையாக, அமைதியாக இருக்கும். கரையில் நிற்பவர், குழந்தைகளுக்கு ஏற்ற இடம் இதுவே என்று அங்கே இறக்கிவிடுகின்றனர்!

சாலையின் உயரம் உயிர் காப்பது இங்கேதான். மணலில் நிற்பவருக்கு அலைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும்; எது இடைவெளி, எது இல்லை என்று தெரியாது. சாலை மேட்டிலிருந்து பார்ப்பவருக்கு வெண்ணுரை வரிசையில் ஒரு பல் விழுந்தாற்போல அவ்விடைவெளி தெளிவாகத் தெரியும். மணலைச் சுமந்து செல்லும் கலங்கல் நீர், அலை உடையும் எல்லைக்கு அப்பால் காளான் குடைபோல விரிவதும் தெரியும். ஆகவே, நீராட எண்ணுவோர் வண்டியிலிருந்து இறங்கியவுடன் ஓடவேண்டா. மேட்டிலேயே நின்று, ஐந்து பத்து நிமிடம் கடலைப் பார்த்து, இடைவெளி எங்கே என்று குறித்துக்கொண்டு, பிறகு இறங்குக. காவலர் எச்சரிக்கும் இடத்தில் அதுவும் வேண்டா.

ஒருவேளை நீரோட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால், அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கிறது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். கரையை நோக்கி நீந்திச் சோர்வதுதான் ஆபத்து. மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கோரலாம். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, வெண்ணுரை உள்ள இடத்தை அடைந்தால், அந்த அலைகளே கரைசேர்க்கும். காப்பாற்றுவதற்காக வெறுங்கையோடு பாய்ந்த அண்ணனும் தந்தையும் உடன் மறைந்த செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். மிதக்கும் பொருள் எதையேனும் எறிக. காற்று நிரப்பிய டயர், மூடிய வெற்றுக் குடம், எதுவாயினும் சரி.

ருஷிகொண்டாவைத் தாண்டிச் சாலைக்கு இடப்புறம் தொட்லகொண்டா. 1976-இல் கடற்படையினர் ஒரு தளம் அமைக்க வானிலிருந்து நிலத்தை ஆராய்ந்தபோது இக்குன்றின்மேல் பழைய கட்டடங்களின் தடம் தென்பட்டது. பிற்பாடு அகழ்ந்து பார்த்ததில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவியர் வாழ்ந்த பெரிய விகாரம் வெளிப்பட்டது. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால் குன்றுக்கு இப்பெயர். தெலுங்கின் ‘தொட்டி’ நம் தொட்டியேதான். ரோமானிய வெள்ளிக் காசுகளும் இங்கே கிடைத்தன என்பதைக் கேட்டபின், துறவியர் ஏன் இந்தக் குன்றைத் தேர்ந்தனர் என்று நாம் வியக்கவேண்டியதில்லை. மேலே நின்று பார்த்தால், 40 கிலோமீட்டர் தொலைவில் வரும் பாய்மரமும் கண்ணுக்கு எட்டும்.

சாலை இனி இறங்கிச் சமநிலத்தை அடைகிறது. பீமுனிப்பட்டினத்திற்குச் சிறிது முன்னால், கடலுக்கு எதிர்ப்புறத்தில் நிலம் திடீரெனச் சிவந்து எழுகிறது. எர்ர மட்டி திப்பலு, அதாவது செம்மண் மேடுகள். மழைநீர் அறுத்த ஓடைகளுக்குள் இறங்கி நடந்தால் இருமருங்கும் ஆளுயரத்தைப் பன்மடங்கு விஞ்சும் செங்குத்தான மணற்சுவர்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்தார் இதனைக் கண்டவுடன், இது நம்மூர்த் தேரி அல்லவா என்பர். உண்மைதான். கடலோரத்தில் இத்தகைய செம்மணல் தமிழ்நாட்டுத் தேரிகளிலும், இங்கும், இலங்கையிலுமே சிறப்பாகக் காணப்படுகிறது.

இம்மேடுகளும் கடலைப் பற்றிய ஒரு பாடமே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் இன்றைவிட மிகுதியான பங்கு பனியாக உறைந்து கிடந்தபோது, கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று கப்பல்கள் நங்கூரமிடும் இடமெல்லாம் அன்று வெட்டவெளி மணல். அதனைக் காற்று வாரி வந்து குன்றுகளின் அடியில் குவித்தது. மணலில் கலந்திருந்த கனிமங்களின் இரும்பு, காலப்போக்கில் துருவாகி ஒவ்வொரு மணலின்மேலும் சிவப்புத் தோலாகப் படிந்தது. பனி உருகிக் கடல் மறுபடியும் ஏறி வந்து இப்போதுள்ள கரையில் நின்றது. சாலையின் ஒருபுறம் நாம் காணும் நீலமும் மறுபுறம் காணும் சிவப்பும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2014-இல் இதனைத் தேசிய நிலவியல் மரபுச் சின்னமாக அறிவித்தது; 2025-இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. பெருமைக்குரியதே. ஆனால் வளரும் நகரம் இதே சாலை வழியாகத்தான் வருகிறது. மனைகளும் சாலைகளும் நெருங்கி, மேடுகளின் விளிம்புகள் சமனாக்கப்பட்டு வந்துள்ளன. சிவப்பு மண் லாரிகளில் ஏறியதும் உண்டு. சென்னையில் வீட்டு வாசலில் கொட்டிய ஒரு வண்டி மணல் மழையில் கரைந்தால் இன்னொரு வண்டி கொணரலாம். இங்கே கரைந்ததை மீண்டும் குவிக்க, கடல் 120 மீட்டர் இறங்கிக் கொடுக்கவேண்டும். மேடுகளின்மேல் வண்டி ஓட்டுவதையும், சுவர்களில் பெயர் செதுக்குவதையும் நம் பிள்ளைகளாவது தவிர்க்கலாம். படம் பிடிப்போரைப் பற்றி என்ன சொல்வது. அவர்கள் இங்கே வராத மொழி இல்லை.

பீமுனிப்பட்டினம் வந்தாயிற்று. ஊரார் பீமிலி என்றே அழைப்பர். கோஸ்தனி ஆறு கடலில் சேரும் இடம். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே வாணிகத் தளம் அமைத்திருந்தனர். அவர்களுடைய கல்லறைகள் கடற்கரைக்கு அருகே இன்னும் உள்ளன. 1861-இலேயே நகராட்சி கண்ட ஊர் என்று இவ்வூரார் பெருமையோடு சொல்வர். நம்மவர்க்கோ வேறொரு காரணத்தால் இது தெரிந்த ஊர். விசாகையில் வாழும் தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் காதலித்த கதையை 1978-இல் கே. பாலசந்தர் ‘மரோ சரித்ர’ என்று தெலுங்கில் எடுத்தபோது, இக்கரையில்தான் காட்சிகளைப் பிடித்தார். அப்படம் சென்னையில் தெலுங்கிலேயே நெடுநாள் ஓடியதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

திரும்புவதை மாலையில் வைத்துக்கொள்க. கதிரவன் மலைகளுக்குப் பின்னே இறங்கும்போது, முதலில் மலையின் நிழல் சாலையை மூடும், பிறகு மணலை, பிறகு அலைகளை. வெளிக்கடலும் கப்பல்களும் மட்டும் சிறிது நேரம் வெயிலில் நிற்கும். அதன்பின் கீழ்வானில், கடலை ஒட்டினாற்போல, சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழத் தொடங்கும். அதன்மேல் இளஞ்சிவப்புக் கோடு. மேகம் என்று பலர் நினைத்துவிடுவர். அது மேகமன்று, நாம் நிற்கும் பூமியின் நிழலே வானத்தில் விழுகிறது. மேற்குக் கரையில் அந்தி வேளையில் எல்லாரும் கதிரவனையே பார்த்து நிற்பதால், முதுகுப்புறத்து இக்காட்சியைக் காண்பார் இல்லை. கிழக்குக் கரையில் அது நம் முகத்திற்கு நேரே, தடையின்றி, கடலின்மேல் ஏறுகிறது.

தை, மாசி, பங்குனி மாதங்களாயின் வண்டியின் முன்விளக்கைக் கடலை நோக்கித் திருப்பி நிறுத்தவேண்டா. அக்காலத்தில்தான், நம் மீனவர் பங்குனி ஆமை என்றழைக்கும் சிற்றாமைகள் இக்கரையேறி முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று எண்ணி நகரும். இருண்ட கரையில் அது சரியான எண்ணந்தான். விளக்குகள் நிறைந்த சாலை அவற்றை ஏமாற்றித் தன்பக்கம் இழுத்துவிடும்.

தென்னேட்டி பூங்காவை மறுபடி அடையும்போது நன்றாக இருட்டியிருக்கும். வண்டியை நிறுத்திச் சற்று நிற்கலாம். காலையில் பார்த்த கப்பல்கள் இப்போது விளக்குகளாக மாறி, தொடுவானம் வரையில் வரிசையாக நிற்கும். குழந்தைகள் எண்ணத் தொடங்குவர். பிறகு கீழே மணலுக்கு அழைத்துச் சென்று மறுபடி எண்ணச் சொல்க. சில விளக்குகள் குறைந்திருக்கும்.